முதல் துண்டு

சமணமலைப் படிக்கட்டில் கொய்யா நறுக்கி விற்கும் அக்கா, குகைச் சிற்பத்தில் இருக்கும் பெண்தெய்வமான இயக்கியின் கதையை என்னிடம் கேட்கிறார். திதிக்குச் சமைத்த சோற்றைப் படைக்கும் முன்பே பசித்து வந்த சமணத் துறவிக்குக் கொடுத்தவள் அவள்; அதற்காகக் கணவன் வீட்டைவிட்டுத் துரத்தியபோது பட்டுப்போன மாமரமும் அவளுக்குக் காய்த்தது என்கிறேன்.

கத்தி நிற்கிறது.

"அமாவாசைக்குக் காக்காய்க்கு வைக்கிறதுக்கு முன்ன பக்கத்து வீட்டுப் புள்ளைக்கு ஒரு வாய் ஊட்டிட்டேன். மூணு நாளா எங்க வீட்டுக்காரரு முகம் குடுத்துப் பேசல. அவளத் தொரத்துன அந்தாளு என்ன ஆனாரு?"

"வருந்தித் தேடிப் போனாரு. மறுபிறவில சிங்கமாப் பொறந்து அவளைச் சுமந்தாரு."

கீழேயிருந்து அக்காவின் கணவர் கொய்யாக் கூடையைத் தலையில் சுமந்து மூச்சிரைக்க ஏறி வருகிறார். இறக்கி வைத்துவிட்டு, எங்கோ பார்த்தபடி, "சாப்ட்டியா?" என்கிறார்.

எனக்கு நீட்டிய முதல் துண்டை அக்கா திரும்ப எடுத்துக்கொள்கிறார்.

"செத்த பொறுங்க. மொதல்ல சிங்கத்துக்குக் குடுத்துருவோம்."