ஒன்பது சூரியன்கள் விழுந்த பகல்

அந்த ஆண்டு அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் மழை விட்டபாடில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நின்ற எங்கள் லயத்தின் கூரைத் தகரம் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்கூடத் துணி காயவில்லை. அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில்தான், கொட்டகலை பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் வேலை பார்த்த என் மாமா, சட்டைக்குள் ஒரு படப்புத்தகத்தை நனையாமல் பொத்திக்கொண்டு வந்தார். கடைக்காரரின் பிள்ளைகள் படித்துத் தீர்த்தது. சீனத்துப் பழங்கதை, தமிழில். ஆறாம் வகுப்போடு நின்றவரானாலும் எங்கள் லயத்துக்கு மாமாதான் பண்டிதர். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் வந்து உட்காரும்வரை காத்திருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

வானத்தின் ஓரத்தில் ஒரு தாய். அவளுடைய பத்துப் பிள்ளைகளும் சூரியன்கள். தினமும் விடியுமுன் ஒருவனைக் குளிப்பாட்டி வேலைக்கு அனுப்புவாள். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் பத்துப் பேரும் சேர்ந்து விளையாடக் கிளம்பிவிட்டார்கள்.

மாமா பக்கத்தைத் திருப்பினார். இரண்டு பக்கமும் கொள்ளாமல், சிவப்பும் மஞ்சளுமாகப் பத்துச் சூரியன்! ஒன்றைக் கண்டே எத்தனையோ நாளாகியிருந்த நான், குளிர் காய்வதுபோல் உள்ளங்கைகளைப் படத்தின்மேல் நீட்டினேன். சூடு வந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

ஆறு வற்றியது, பயிர் கருகியது. ஒரு வில்லாளி மலையேறி அம்பு தொடுத்தான். சூரியன்கள் தங்கக் காகங்களாகி விழுந்தன. ஒன்பதாவதும் விழுந்ததும் பக்கத்து வீட்டுப் பெரியப்பா தொடையைத் தட்டி, "அப்புடிப் போடு!" என்றார். நானும் கூடவே கத்தினேன்.

"பெத்தவ என்னா செஞ்சா?" என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டாள்.

மாமா முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "அது இதுல போடலையேக்கா. ஒலகம் பொழச்சிருச்சில்ல?"

"ஒலகம் பொழச்சிருச்சு. அவ?"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து புத்தகத்தை மடியில் வாங்கினாள். விழுந்துகிடந்த காகங்களைக் கொழுந்துக் கறை படிந்த விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"ஒன்னு மிச்சம் இருக்கேம்மா," என்றேன்.

அம்மா என்னை இழுத்து மூச்சு முட்ட அணைத்துக்கொண்டாள். படம் மறைகிறதே என்று நான் திமிறினேன். எனக்கு முன்னால் பிறந்த இரண்டு பேர் மேல்மலைத் தேயிலைச் செடிகளுக்கடியில் கிடப்பதை அப்போது யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.