சிலுவைமுத்துவுக்கு வந்த வார்த்தை

ராயபுரத்தில் மாதா கோயிலைச் சேர்ந்தவர்கள் வருடப் பிறப்பன்று காலைப் பூசை முடிந்ததும் வரிசையில் நின்று கூடைக்குள் கைவிட்டு ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள். சீட்டில் வேதாகமத்திலிருந்து ஒரே ஒரு வார்த்தை இருக்கும். அந்த வருடம் முழுக்க அதுதான் வழிகாட்டி என்பது வழக்கம். பலரும் அதை பைபிளுக்குள் செருகிவிட்டுப் பொங்கலுக்குள் மறந்துபோவார்கள். ஹார்பரில் கன்டெய்னர்களைக் கப்பலோடு சேர்த்துக் கட்டும் வேலை பார்த்த சிலுவைமுத்து மட்டும் மறக்க மாட்டார்.

‘பொறுமை’ வந்த வருடம், ரேஷன் கடையில் யார் நடுவில் புகுந்தாலும் வழிவிட்டு, மூன்று முறை பாமாயில் இல்லாமல் வீடு திரும்பினார். ‘பகிர்வு’ வந்தபோது கூட வேலை பார்த்த பகலவனுக்குத் தன் சைக்கிளையே கொடுத்துவிட்டு ஆறு மாதம் நடந்தே வேலைக்குப் போனார். ‘மௌனம்’ வந்த வருடம் வீட்டில் குரலே கேட்கவில்லை. அவர் மனைவி ஹில்டா குழாயடியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்: “கண்ணாலம் கட்டி இருபத்தஞ்சு வருசத்துல இப்பத்தான்டி நிம்மதியா கீறேன். அடுத்த வருசமும் மாதா இதையே குடுக்கட்டும்.”

அந்தச் சீட்டுகளைத் தயாரித்தது அவர்களுடைய ஒரே மகள் ஜானட். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அவள் பி.காம். சேர்ந்த வருடமே கோயில் உபதேசியார் ஆண்ட்ரூ அவளைப் பிடித்துக்கொண்டார். “படிச்ச பொண்ணு, கம்ப்யூட்டர் தெரியும். நீயே அடிச்சு வெட்டிக் குடுத்துடும்மா.” வார்த்தைகளைத் தேர்ந்தெடுப்பது, அச்சடிப்பது, வெட்டிச் சுருட்டுவது எல்லாம் அவள்தான். சிலுவைமுத்துவுக்கு அதில் சொல்ல முடியாத பெருமை. மகள் அச்சடித்த தாள் என்று தெரிந்தாலும், கூடைக்குள் விழுந்த பிறகு அது ஆண்டவருடையது என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இருந்ததில்லை.

போன வருடத்துக்கு முந்தின கார்த்திகை மழையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மூன்று அடைப்பு. “ஆபரேஷன் பண்ணா நல்லது. பயமா இருந்தா மாத்திரையிலேயே கொஞ்ச காலம் ஓட்டலாம்” என்றார் டாக்டர். ஜானட் செல்போனில் தேடித் தேடி எத்தனை சதவீதம் பேர் பிழைக்கிறார்கள் என்றெல்லாம் படித்துக் காட்டினாள். அவளுக்குத் தலை நிறையப் படிப்பு இருந்தும் அவர் பயத்துக்கு முன்னால் அது எடுபடவில்லை.

“என்னக் கிழிக்க வேணாம் ஜானு,” என்றார். பிறகு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து, “சரி, வருசம் பொறக்கட்டும். வார்த்த எப்டி வருதோ அப்டி,” என்றார்.

அந்தப் புது வருடத்தில் அவர்கள் வரிசைக்குக் கூடை பிடித்து நின்றவள் ஜானட். சிலுவைமுத்து கண்ணை மூடிக்கொண்டுதான் சீட்டு எடுப்பார். திறந்து எடுத்தால் தேடி எடுத்ததாகிவிடும் என்பார். மூடிய கண்ணோடு அவர் கை கூடைக்குள் வந்தது. வடக்கயிறும் இரும்புக் கம்பியும் இழுத்துத் தடித்துப்போன விரல்கள். ஜானட் தன் கைக்குள் மறைத்து வைத்திருந்த சீட்டை அந்த விரல்களுக்கு நடுவில் வைத்தாள்.

கோயில் படியில் நின்று அதைப் பிரித்தார். ‘அஞ்சாதே.’ இரண்டு தடவை படித்தார். அதற்கப்புறம் அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பிப்ரவரியில் ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, “ஆண்டவரே சொல்ட்டாரு, அப்றம் இன்னா?” என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் போய்விட்டார். யாரும் தப்புச் செய்யவில்லை, ஆயிரத்தில் சிலருக்கு இப்படி ஆகும் என்றார்கள். அந்த ஆயிரக் கணக்கை ஜானட் ஏற்கெனவே படித்திருந்தாள்.

அவள் தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் போகச் சொன்னது தப்பா? இல்லை. இன்று கேட்டாலும் போ என்றுதான் சொல்வாள். ஆனால் மகள் சொல்லியிருந்தால் அவர், “போடி, உன் வேலையப் பாரு” என்று சொல்லியிருக்க முடியும். ஆண்டவரை எதிர்த்துப் பேச அவருக்குத் தெரியாது. அது தெரிந்துதானே அவள் செய்தாள்?

இந்த வருடம் ஆபீஸில் வேலை அதிகம் என்று சொல்லிச் சீட்டு அச்சடிக்க மறுத்துவிட்டாள். யாரிடமும் எதையும் சொல்லாமலே இருந்திருப்பாள். ஆனால் ஜனவரி கடைசியில், முதல் வருட நினைவுக்குக் கல்லறையில் கல் வைக்க ஏற்பாடாயிற்று. சாயங்காலம் நெத்திலி ஆய்ந்துகொண்டே ஹில்டா சொன்னாள்:

“நாளைக்குக் கல்லு வெட்டறவராண்ட போணும். நடுவுல பெருசா ‘அஞ்சாதே’ன்னு போடச் சொல்லிக்கீறேன். ஆண்டவரு அவரு கையில குடுத்த வார்த்தடி அது.”

“அத போட வேணாம்மா.”

“ஏன், எடம் பத்தாதா?”

“அது கூடையில இருந்து வர்ல. நான்தான் அப்பா கையில வெச்சேன்.”

“இன்னா வெச்ச?”

“அந்தச் சீட்ட. அவரு பயந்துகினே இருந்தாரு. அதான், நானே எடுத்து வெச்சேன்.”

ஹில்டா தட்டில் பாக்கி இருந்த நாலைந்து மீனையும் தலை கிள்ளிப் போட்டாள். அடிப்பாள் என்று ஜானட் எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலை என்றும் இருந்தது.

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாதும்மா.”

“கடைசி வரிக்கும்?”

“கடைசி வரிக்கும்.”

ஹில்டா கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தாள். “ஒரு வருசமா நான் ஆண்டவரோட சண்ட போட்டுகினு கீறேன்டி,” என்றாள். “பூசைக்குப் போறேன்னு சொல்ட்டுப் போயி, ‘அஞ்சாதேன்னு நீ சொல்லித்தானே ஆபரேசனுக்குப் போனாரு, ஏன்யா எட்துகின’ன்னு கேட்டுகினு கீறேன். கலீஜாக்கூடத் திட்டிக்கீறேன். ஆண்டவருதானே, தாங்கிப்பாருன்னு திட்னேன்.” மீன் தட்டைத் தள்ளி வைத்தாள். “இனிமே நான் யாரப் போயிக் கேப்பேன்? உன்னையா?”

“என்னையே திட்டும்மா.”

“வாய் வர்லடி. நீ ஒருத்திதானே எனக்கு மிச்சம்.” முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எதுக்கு இப்ப சொன்ன? கல்லுல பொய் ஏறக் கூடாதுன்னா, இல்ல உன் பாரத்த எறக்கி வெக்கவா?”

அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை காசிமேட்டில், கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்தில், கல் வெட்டுகிறவர் கறுப்புக் கல்லைச் சாய்த்து வைத்திருந்தார். பெயரும் தேதிகளும் வெட்டி முடித்தாயிற்று. நடுவில் சாக்பீஸால் இரண்டு கோடுகள்.

“எழுத்து பெருசா வர்றதுக்கு எடம் வுட்டுக் கோடு போட்டுக்கீறேன் பாருங்க,” என்றார்.

“அது வேணாம்ணே. பேரும் தேதியும் போதும்,” என்றாள் ஹில்டா.

“இன்னாம்மா நீ, நடுவுல மொட்டையா தெரியும். எதுனா ஒண்ணு போடலாம்.” அவர் ஜானட் பக்கம் திரும்பினார். “பாப்பா படிச்ச பொண்ணாச்சே. நல்லதா ஒரு வார்த்த நீ சொல்லேன்மா.”

ஜானட் தலையைத் தூக்கவில்லை.

“அவளக் கேக்காதண்ணே,” என்றாள் ஹில்டா. “அந்தக் கோட்ட அழிச்சுடு.”