கோவேறு கழுதையின் கழுத்தில் கிடந்த குண்டு

வெர்னா ஸ்டோலின் கையில் ஒரு குண்டைக் கொடுத்தால் போதும். எந்த மாதிரித் துப்பாக்கியிலிருந்து வந்தது, எலும்பில் பட்டதா, சதையோடு போனதா என்பதையெல்லாம் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் ஒரே மானை இரண்டு பேர் சுட்டுவிட்டு என்னுது உன்னுது என்று மல்லுக்கு நின்றால், மானுக்குள்ளிருந்து அறுத்தெடுத்த குண்டோடு நேரே அவள் கொட்டகைக்குத்தான் வருவார்கள். அவள் சொன்னால் சொன்னதுதான். தோற்றவன் முணுமுணுத்துக்கொண்டே போவான், ஆனால் போய்விடுவான்.

இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள். பின்னால் நாற்பது பிள்ளைகள் கூச்சல் போட, முன்னால் பனிச்சறுக்கலில் வண்டி வழுக்க, ஒரு நாளும் பதறாத கை அது. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைக்கு முழுநேர வேலை ஈயம்தான். மே மாதம் பனி உருகி மண் காய்ந்ததும், துப்பாக்கிச் சங்கத்து மைதானத்தின் கோடியிலுள்ள மண்மேட்டைத் தோண்ட உறுப்பினர்களுக்கு ஒரு வாரம் அனுமதி உண்டு. வருஷம் முழுக்க எல்லோரும் சுட்ட குண்டுகள் அதில்தான் புதைந்து கிடக்கும். வெர்னா சல்லடையும் வாளிகளுமாக முதல் நாளே போய் நிற்பாள். சலித்த ஈயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, இரும்புச் சட்டியில் போட்டு, காஸ் அடுப்பில் உருக்குவாள். குண்டுகளின் செப்பு உறைகள் மேலே மிதந்து வரும், அரித்து எறிவாள். பழைய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் போட்டுக் கிளறினால் அழுக்கெல்லாம் கறுத்துக் கசடாகத் திரளும். வழித்துப் போட்டதும் அடியில் பளபளவென்று ஈயம். அதை அச்சில் ஊற்றித் தட்டினால் புதுக் குண்டு விழும். அந்த நேரத்தில் அவள் புருஷன் ஓரின் காபிக் கோப்பையோடு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் தொலைந்தான்.

"அங்கயே நில்லு. ஒரு சொட்டு தண்ணி சட்டியில விழுந்துச்சுன்னா ரெண்டு பேரு மூஞ்சியும் கூரையில ஒட்டிக்கும்."

"என் மூஞ்சி போனா பரவால்ல, காபி ஆறிடும்னு பாத்தேன்" என்பான் ஓரின்.

தன் குண்டைப் பற்றி அவளுக்குத் தலைக்கனம் உண்டு. இல்லையென்று மழுப்புவதற்கில்லை. "கடையில வாங்குற குண்டு மானுக்குள்ள போயி காலிஃபிளவர் மாதிரி விரிஞ்சு உக்காந்துக்கும். என்னுது உக்காராது. இந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் வந்துடும். ரெண்டு ஓட்டை, ரெண்டு மடங்கு ரத்தத் தடம், மான் தப்பிச்சுப் போயி எங்கயோ கிடந்து சாகாது" என்று சங்கத்தில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவாள். சொல்வது நியாயம்தான். அதனாலேயே ஊரார் குண்டையெல்லாம் படித்தவள், தான் சுட்ட மானிலிருந்து தன் குண்டை ஒரு தடவைகூட எடுத்துப் பார்த்ததில்லை. எடுக்க அங்கே இருந்தால்தானே.

அந்த வருஷம் ஈயத்தை இன்னும் கெட்டியாக்கியிருந்தாள். மூடிப்போன பத்திரிகை ஆபீஸ் ஒன்றிலிருந்து பழைய அச்செழுத்துகள் ஒரு பெட்டி கிடைத்தன. எழுத்து வார்க்கும் உலோகம் சாதா ஈயத்தைவிடக் கடினம். அதையும் சட்டியில் சேர்த்து வார்த்தாள். ஓவியர்கள் வைத்திருக்கும் பென்சில்களில் மிருதுவானதிலிருந்து ஒவ்வொன்றாகக் குண்டின்மேல் கீறிப் பார்ப்பாள். எந்தப் பென்சில் முதலில் ஈயத்தைக் கீறிவிடுகிறதோ அதுதான் குண்டின் கடினம். அந்த வருஷக் குண்டில் பெட்டியின் கடைசிப் பென்சில்தான் கீறியது. அவளுக்கு ஏக சந்தோஷம்.

நவம்பர் முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் குண்டால் ஓர் எல்க் மானை அடித்தாள். சிற்றோடைக்கு அந்தப் பக்கம், பக்கவாட்டில் நின்ற ஆண் மான். பின்னால் இளம் ஃபிர் மரங்கள் அடர்ந்த சரிவு. ஒரே குண்டு. மான் பத்து அடி நடந்து சாய்ந்தது. உள்ளே போன ஓட்டையையும் வெளியே வந்த ஓட்டையையும் விரலால் ஓரினுக்குக் காட்டிக் காட்டிப் பேசினாள்.

வியாழக்கிழமை லெஸ்டர் டூலி கொட்டகைக்கு வந்தான். வேட்டைக்கு வரும் வெளியூர்க்காரர்களை மலைமேல் கூடாரத்துக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டு வேட்டை காட்டுவது அவன் பிழைப்பு. மூட்டை சுமக்க ஐந்து கோவேறு கழுதைகள் வைத்திருந்தான். அதில் முன்னால் நடந்து மற்றதையெல்லாம் வழிநடத்துவது பிஸ்கட் என்ற பெண் கழுதை. அது கட்டை அவிழ்த்துக்கொண்டு திங்கள் ராத்திரி ஓடிவிட்டது. புதன்கிழமை மரங்களுக்கு நடுவே செத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தான்.

"கழுத்துல இருந்து எடுத்தேன்" என்று கைக்குட்டையைப் பிரித்தான். கண் சிவந்திருந்தது. "உறை இல்லாத ஈயம், வெர்னா. வீட்டுல வார்த்தது. இந்த ஊர்ல வீட்டுல வார்க்கிறவங்க ரெண்டே பேரு. நீ ஒருத்தி. அந்த கலிஃபோர்னியாக்காரன் ஒருத்தன்."

கலிஃபோர்னியாக்காரன் என்றால் ட்ராய் பென்னர். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஊரில் அது இரண்டு நிமிஷத்துக்குச் சமம். அவனும் மே மாதம் வாளியோடு வந்து மண்மேட்டைத் தோண்டியவன்.

"சனிக்கிழமை சங்கத்துல வச்சு அவனை வெளிய தள்றோம். நீ பாத்து சொல்லிட்டா வேலை முடிஞ்சுது" என்றான் லெஸ்டர்.

வெர்னா குண்டை ஸ்பிரிட்டில் கழுவி, விளக்கடியில் பிடித்து, லென்ஸை வைத்தாள். முனை நசுங்கியிருந்தது. அடிப்பாகம் முழுசாக இருந்தது. மெழுகு தடவுவதற்காகக் குண்டைச் சுற்றி ஓடும் இரண்டு பள்ளங்களில் ஒன்றில், துப்பாக்கிக் குழாயின் சுவர் படாத இடத்தில், நகக்கீறல் அளவுக்கு ஒரு மேடு இருந்தது.

அது ட்ராயின் அச்சில் வராது. ஏழு வருஷத்துக்கு முன்னால் வெர்னா தன் இரும்பு அச்சிலிருந்து ஒட்டிக்கொண்ட குண்டு ஒன்றை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியபோது விழுந்த கீறல் அது. அன்றிலிருந்து அவள் வார்க்கும் ஒவ்வொரு குண்டிலும் அந்த மேடு இருக்கும். பென்சில் பெட்டியைத் திறந்தாள். கடைசிப் பென்சில்தான் கீறியது.

"என்ன, ட்ராயோடதுதானே?" என்றான் லெஸ்டர்.

"சனிக்கிழமை சொல்றேன்."

"எப்பவும் அஞ்சு நிமிஷத்துல சொல்லுவியே."

"குண்டை வச்சுட்டுப் போ. கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்க வேண்டியிருக்கு."

மறுநாள் மத்தியானம் தனியாக மலையேறினாள். எல்க்கின் குடலைப் போட்டுவிட்டு வந்த இடத்தில் காக்கைகள் மிச்சம் வைக்கவில்லை. அங்கிருந்து, தான் சுட்ட திசையிலேயே, ஃபிர் மரங்களுக்குள் நுழைந்து நடந்தாள். அறுபது அடியில் ஒரு கிளை புதிதாக முறிந்து தொங்கியது. அதைத் தாண்டி நூற்றெண்பது தப்படியில் பிஸ்கட் கிடந்தது. மேலே லெஸ்டர் ஒரு தார்ப்பாயைப் போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தான். சரிவு குண்டைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தவள், மரங்களுக்குள் என்ன நிற்கிறது என்று பார்க்கவே இல்லை. மைதானத்தில் எத்தனை பேரை இதே விஷயத்துக்காக விரட்டியிருக்கிறாள். பத்து வருஷமாக மைதானக் கண்காணிப்பாளர் அவள்தான். குறிக்குப் பின்னால் பார்க்காமல் துப்பாக்கி தூக்கியவனை, அவன் தலைவரின் மைத்துனனாக இருந்தாலும், எல்லோர் முன்னாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. அந்தத் தார்ப்பாய் பக்கத்தில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஓரினிடம் சொன்னாள். அவன் காபியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"ட்ராயோடது இல்லைன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடேன். பொய் இல்லையே. அவன் தலையும் தப்பிச்சுது. யாரோ வழிப்போக்கன்னு ஊரு நினைச்சுட்டுப் போகட்டும். உன்னை விட்டா இதைப் படிக்கத் தெரிஞ்ச ஆளும் கிடையாது."

"அதான்யா விஷயம். படிக்கத் தெரிஞ்சவ நான் ஒருத்திதான். அடுத்த வாரம் ரெண்டு பேரு ஒரு மானோட வந்து நின்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இது உன்னுது இது அவன்துன்னு சொல்லுவேன்?"

"கண்காணிப்பாளர் பதவி போயிடும்."

"போகட்டும்."

"லெஸ்டர் உன்னோட பேசமாட்டான்."

லெஸ்டரும் அவளும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள்.

சனிக்கிழமை சங்கத்தின் மரக்கொட்டகையில் வழக்கம்போல மான்கறி போட்ட காரமான சில்லிக் குழம்பும் பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியும் இருந்தன. முப்பது பேர் வந்திருந்தார்கள். ட்ராய் கதவோரம் நின்றான். அவன் தட்டில் யாரும் எதுவும் போடவில்லை, அவனும் கேட்கவில்லை. தலைவர் டெல்பர்ட் மேசையைத் தட்டினார்.

"வெர்னா, குண்டைப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்." எழுந்து நின்றாள். பஸ்ஸில் கடைசி சீட்டுப் பையனுக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரல். "இது ட்ராயோடது இல்ல. அவன் குண்டுல பள்ளம் மூணு, இதுல ரெண்டு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. லெஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "அப்ப யாரோடது?"

"என்னுது."

யாரோ சிரித்தார்கள். அவள் வேடிக்கையாகப் பேசுகிறாள் என்று நினைத்தார்கள்.

"செவ்வாய்க்கிழமை நான் அடிச்ச எல்க்குல புகுந்து வெளிய வந்து, மரத்துக்குள்ள போயி, பிஸ்கட் கழுத்துல நின்னுருக்கு. நேத்து போயி தப்படி வச்சு அளந்தேன். அச்சைக் கொண்டுவந்திருக்கேன், இந்தா கீறல். குண்டுல இந்தா மேடு. யாருக்கு சந்தேகமோ வந்து பாத்துக்கலாம். பின்னால என்ன இருக்குன்னு நான் பாக்கல. ரெண்டு ஓட்டை ரெண்டு ஓட்டைன்னு உங்க காதுல எல்லாம் ஓட்டை போட்டேனே, அந்த ரெண்டாவது ஓட்டை எங்க போகும்னு யோசிக்கல."

ஒருவரும் சிரிக்கவில்லை. டெல்பர்ட் தொண்டையைச் செருமினார். "கண்காணிப்பாளர் விஷயமா..."

"ஓட்டுக்கு விடுங்க டெல்பர்ட். என்னை எடுக்கணும்னு முதல் கை என்னுது." கையைத் தூக்கினாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகத் தூக்கினார்கள். கடைசிவரை தூக்காத ஒரே கை ட்ராயுடையது.

"நீயும் தூக்குப்பா" என்றாள் வெர்னா. "உன்னைத்தான் வெளிய தள்ள இருந்தாங்க."

"தெரியும் மேடம். அதனாலதான் தூக்கல" என்றான் அவன்.

வெளியே வண்டியடியில் லெஸ்டர் நின்றுகொண்டிருந்தான். அவள் அவன் எதிரில் போய் நின்றாள்.

"லெஸ்டர், என் மனசு ஆறல. உன் பிஸ்கட்டைக் கொன்னது நான். சீசன் முடிய இன்னும் மூணு வாரம் இருக்கு, முன்னால நடக்க பிஸ்கட் இல்லாம மத்த நாலும் நகராது. திங்கக்கிழமை காலைல எங்க குதிரையைப் பிடிச்சுட்டு வரேன். மேல ஏத்தி இறக்குறது என் பொறுப்பு."

"உனக்கு அறுபத்தி மூணு வயசாச்சு."

"குதிரைக்கு ஒம்பதுதான்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குண்டுக்காகக் கையை நீட்டினான். அவள் கைக்குட்டையோடு கொடுத்தாள். கொடுத்த பிறகு, ஈயத்தைக் கண்டால் சட்டியில் போடும் நாற்பது வருஷப் பழக்கம் யாரை விட்டது, வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"அதை என்ன பண்ணப்போற? குடுத்துடேன் லெஸ்டர். உருக்கிடறேன். கண்ணுல படாம போயிடும்."

லெஸ்டர் குண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"இல்ல வெர்னா. மத்த எல்லா ஈயத்தையும் நீ திரும்ப எடுத்துக்கோ. இது இப்படியே இருக்கட்டும்."

சட்டைப் பையில் போட்டு, பொத்தானை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான். "திங்கக்கிழமை அஞ்சு மணி. லேட்டா வராதே" என்றான்.