அறுபத்தாறில் நின்ற சிவப்பு எண்

போன ஞாயிற்றுக்கிழமை மாரண்டஹள்ளியில் ஒரு முந்நூறு பேர் என்னைக் குடிகாரன் என்று முடிவு கட்டினார்கள். பட்டப்பகலில். மேடையில், மைக் முன்னால்.

சத்தியமாகச் சொல்கிறேன், காலையில் தர்மபுரியில் பஸ் ஏறும்போது ஒரு காபி... அவ்வளவுதான்.

தக்காளி மண்டி முனியப்பன் அங்கே புதிதாக ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார். நல்ல மண்டபம், ஆனால் ரயில் பெட்டி மாதிரி நீளம். மேடை அருகே இரண்டு ஸ்பீக்கர், நடுத் தூண்களில் இரண்டு. பின்வரிசைக்காரர்களுக்கு நடு ஸ்பீக்கர் சத்தம் முதலில் வரும், மேடை ஸ்பீக்கர் சத்தம் நடந்து வந்து பிறகு சேரும். ‘வணக்கம்’ என்றால் ‘வணவணக்கம்கம்’ என்று கேட்கும். கட்டி முடித்த நாளிலிருந்து முனியப்பனுக்கு இதே கவலை.

“கவலைப்படாதீங்க, பெங்களூர்ல இதுக்குன்னே ஒரு டிஜிட்டல் பொட்டி வந்திருக்கு” என்று நம்பிக்கை கொடுத்தவர் சவுண்டு சர்வீஸ் காதர் பாய். என் பழைய சிநேகிதர். டிஜிட்டல் என்றால் எனக்குக் கைக்கடிகாரம்தான் தெரியும். இதுவோ டிபன் கேரியரைப் படுக்க வைத்த மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி. முகத்தில் சிவப்பு எண்கள், ஏற்ற ஒரு பட்டன், இறக்க ஒரு பட்டன். ஒரு பக்கம் போகும் குரலை உள்ளே எண்களாக மாற்றி, நாம் சொல்லும் அளவுக்குத் தாமதப்படுத்தி, மறுபக்கம் வெளியே விடுமாம். காதர் பாய் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார்.

திறப்பு விழாவில் முதல் பேச்சு என்னுடையது.

“பெரியோர்களே” என்றேன். ஒன்றுமில்லை. நான் “தாய்மார்களே” என்று ஆரம்பித்தபோதுதான் நாலு பக்கத்திலிருந்தும் “பெரியோர்களே” வந்தது.

உங்கள் குரல் அரை வினாடி கழித்து உங்கள் காதிலேயே விழுந்தால் என்ன ஆகும் தெரியுமா? நாக்கு குழம்பிவிடுகிறது. நான் நிதானித்தேன் – அதுவும் நிதானித்தது. வேகமாகப் பேசினேன் – துரத்தியது. “தாய்ய்ய்...மா...ர்ர்ர்” என்று இழுத்தேன். காலும் லேசாக ஆடிற்றோ என்னவோ! முன்வரிசையில் ஒரு அம்மாள் தன் பேத்தியை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார்.

முனியப்பன் மேடையேறி, மாலை போடுகிற பாவனையில் என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தார். வாசனை ஒன்றும் கிடைக்கவில்லை போலிருக்கிறது. ஏமாற்றமாகவே திரும்பிப் போனார்.

விழா முடிந்து கூட்டம் கலைந்ததும் முனியப்பன் காதர் பாயிடம் வந்தார். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“வியாழக்கெழம எம் பொண்ணு கல்யாணம் இங்கதான் பாய். ஒரே பொண்ணு. அன்னிக்கும் இப்பிடித்தான்னா பொட்டியக் கழட்டிடுங்க. வேற சவுண்டு சர்வீஸு பாத்துக்கறேன்.”

காதர் பாய் மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாகப் பாலக்கோடு சுற்றுவட்டாரத்தில் அவர் இல்லாமல் ஒரு விசேஷம் நடந்ததில்லை. அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து ஜமீலா எழுந்து வந்தார். காதர் பாயின் மனைவி. காலேஜில் பிசிக்ஸ் படித்தவர். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை இரண்டு நாள் உட்கார்ந்து படித்திருக்கிறார். விளக்கவும் முயன்றிருக்கிறார். பாய்க்குக் கேட்க நேரமில்லை. புத்தகம் இப்போது ஜமீலாவின் கைப்பையில் இருந்தது.

பெட்டியைப் பார்த்தார். 540 என்று எரிந்தது. எதற்கு இந்த எண் என்று கேட்டார். பெரிய மண்டபம், அதனால் பெரிய எண் என்றார் பாய்.

அதற்குப் பிறகு இருவரும் உருதுவில் பேசிக்கொண்டார்கள். எனக்கு உருது தெரியாது. ஆனால் தோற்றது யார் என்பது தெளிவாகப் புரிந்தது.

பாயை மட்டும் சொல்வானேன்? ரேடியோ வாங்கினால் வால்யூமைக் கடைசி வரை திருப்பிப் பார்க்கிறவர்கள்தானே நாம் எல்லோரும்? மெஷினில் பெரிய எண் ஒன்று இருந்தால் அதுதான் நல்ல எண் என்று எப்படியோ தோன்றிவிடுகிறது.

பாய் நாலு ஸ்பீக்கரையும் பெட்டி வழியாகவே விட்டிருந்தார். ஜமீலா முதலில் ஒயர்களை மாற்றச் சொன்னார். மேடை ஸ்பீக்கர்கள் நேராகப் பேசட்டும், நடுத் தூண் ஸ்பீக்கர்கள் மட்டும் பெட்டி வழியாகப் போகட்டும் என்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். மொசைக் கல் ஒவ்வொன்றும் சரியாக ஓர் அடி. எண்ணிக்கொண்டே போனார். மேடை ஸ்பீக்கரிலிருந்து நடுத் தூண் வரை அறுபத்தாறு அடி.

“ஒரு அடி தாண்ட சத்தத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லி செகண்டு ஆவுதுண்ணா” என்றார் என்னிடம். “அறுபத்தாறு வெச்சா முன்னாடி கெளம்பின சத்தம் வந்து சேர்ற வரைக்கும் இந்த ஸ்பீக்கரு காத்திருக்கும். கணக்குப்படி கொஞ்சம் கம்மியே போதும். ஆனா கொஞ்சம் லேட்டா பேசினாத்தான், மேடையிலேர்ந்தே வர்ற மாதிரி காது நம்பும்.”

ஆக, ஐந்நூற்று நாற்பது எங்கே, அறுபத்தாறு எங்கே!

பாய் பட்டனை அழுத்தி இறக்கிக்கொண்டே வந்தார். 66 வந்ததும் ஜமீலா கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டு, பேசச் சொல்லி எனக்குக் கை காட்டினார்.

பயந்துகொண்டே “பெரியோர்களே” என்றேன்.

என் குரல் என் வாயிலிருந்தே வந்தது! சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. விடுவேனா? காலி நாற்காலிகளுக்கும் ஜமீலாவுக்கும் சேர்த்து முழுப் பேச்சையும் பேசி முடித்தேன். சமையல்கட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துக் கைதட்டினார். காதர் பாய் ஸ்பீக்கரையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். ஜமீலா இன்னொரு பட்டனை அழுத்தி, அந்த எண்ணைப் பெட்டியின் நினைவில் பதிய வைத்தார்.

வியாழக்கிழமை. மண்டபம் நிறைய ஜனம். நாதஸ்வரம் உச்சத்தில் இருக்கும்போது கரண்ட் போயிற்று. நம் ஊரில் போகாமல் இருக்குமா? ஜெனரேட்டரை முடுக்கினார்கள். பெட்டிக்கு எல்லாம் மறந்து போயிருக்குமோ... பாயும் நானும் ஓடிப்போய்க் குனிந்தோம். சிவப்பாக 66. பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தாலி கட்டியாயிற்று. பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முனியப்பன் அவள் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காமல் ரகசியமாகச் சொன்னார். மணவறையில் வைத்திருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை.

“அழுவாத பாப்பா. மனசுக்குப் புடிக்கலன்னா பஸ் ஏறி வந்துடு. நம்ம வூடு எங்கயும் போயிடாது.”

ஆயிரம் பேருக்கும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது. மாப்பிள்ளை வீட்டார் ஓசூர்க்காரர்கள். முனியப்பன் நிமிர்ந்து மைக்கைப் பார்த்தார். பிறகு சம்பந்தி வீட்டாரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். கனத்த உடம்பு. மெதுவாக நடந்து வந்து மைக்கைக் கையில் எடுத்தார்.

“சம்பந்திங்க, பாப்பா எதுக்கு பஸ் ஏறணும்? அவளுக்குக் கோவம் வந்தா எம் பையன அனுப்பி வைக்கறேன். நீங்க வெச்சிக்கங்க.”

கூரை இரண்டாகப் பிளந்த மாதிரி ஒரு சிரிப்பு! மணப்பெண்ணும் சிரித்தாள். முனியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார் – சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வாழ்த்துரை என்று என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். நாலு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எழுந்து நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பந்திக்குப் போய்விட்டேன்.