ஜமாலும் மங்கிய கோடுகளும்

ஜமால் இறந்த செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். அவருடைய தம்பி யூசுப் பனியன் கம்பெனியிலிருந்து நேரே வந்து வாசலில் நின்றார். "சார், அண்ணன் போயிட்டாருங்க. காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." நான் தலையசைத்தேன். கரும்பலகையில் பாதியில் நின்ற சமன்பாட்டை எழுதி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அன்று மாலையே அடக்கம். நானும் மண் போட்டேன். கை கழுவினேன்.

அவரோடு பழகிய உங்களுக்கு அவரை வேதியியல் ஆசிரியராகத் தெரியும். அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் பலருக்குத் தெரியாது. அவை ரோடியம் ஆய்வில் கழிந்தன. ரோடியம் என்பது பிளாட்டினத்தின் உறவான, எளிதில் கிடைக்காத உலோகம். அதன் சில சேர்மங்களில் உலோக அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சங்கிலி போல அடுக்கி நிற்கும். அந்த அடுக்கைப் படம் பிடிப்பதுதான் அவருடைய ஆய்வு. படம் எடுப்பது, இயற்பியல்காரனான என் வேலை.

திரவத்தில் கரைத்து வளர்த்த படிகங்கள் எல்லாம் எங்களை ஏமாற்றின. உள்ளே தங்கிய திரவம் வெளியேறியதும் அவை வெடித்துப் பொடியாயின. ஒருநாள் ஜமால் சொன்னார்: "கரைக்கவே வேண்டாமுங்க சார். காஞ்சது காஞ்சதாவே இருக்கட்டும்." ரோடியம் சேர்மப் பொடியையும் அதோடு வினைபுரியும் இன்னொரு பொடியையும் உலர்ந்தபடியே கல்வத்தில் அரைத்து, கண்ணாடிக் குழாயில் இட்டு, காற்றை நீக்கி மூடி, ஆய்வகத்து மின் உலையில் மெல்லச் சூடாக்கினார். வார நாட்களில் மில்கள் ஓடும்போது மின்சாரம் ஏறி இறங்கும், உலைச் சூடும் கூடவே ஆடும். அதனால்தான் ஞாயிறு.

மூன்று முறை கரிதான் மிஞ்சியது. நான்காம் முறை, குழாயின் குளிர்ந்த முனையில் ஊசி ஊசியாகப் படிகங்கள். மதியச் சோறு கொண்டுவந்த அவர் மனைவி நூர்ஜஹானைக் கூப்பிட்டுக் காட்டினார். "செவப்பா இருக்குதுங்க" என்றார் அந்த அம்மா. ஜமால் குழாயைத் திருப்பினார். "அட, இப்பப் பச்சையா இருக்குது!" ஜமால் சிரித்ததை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். அந்த இரட்டை நிறம் சங்கிலி இருப்பதற்கு நல்ல அறிகுறி.

எக்ஸ்ரே கருவி கோவையில் இருந்தது. படிகத்தைப் பெட்டியில் வைத்து மடியில் பிடித்தபடி என்னோடு பஸ்ஸில் வந்தார். சோமனூரில் நூல் மூட்டையோடு ஏறியவர், "ஏனுங்க, முட்டைங்களா?" என்று கேட்டார். "முட்டைன்னாக்கூடப் பரவால்லீங்க" என்றார் ஜமால்.

படம் அருமையாக வந்தது. அழுத்தமான கோடுகள், சம இடைவெளி. அணுக்களும் சம தூரத்தில் நிற்கின்றன என்று எழுதிவிடலாம். ஆனால் அந்தக் கோடுகளுக்கு நடுவே மிக மங்கலாக வேறு கோடுகள் இருந்தன. அவை நிஜமென்றால் அணுக்களின் இடைவெளி சமமில்லை. அவருடைய ஆய்வு வழிகாட்டி படத்தைப் பார்த்துவிட்டு, "அது அழுக்கு, ஜமால். கட்டுரையை அனுப்புங்க. வேற யாராவது முந்திக்குவாங்க" என்றார். ஜமால் அனுப்பவில்லை. கைவசம் மிஞ்சியிருந்த ரோடியம் முழுவதையும் போட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அது கரியாகியிருந்தால் ஆய்வே நின்றிருக்கும். நான் தடுத்துப் பார்த்தேன். "இருக்குதோ இல்லியோ, தெரியாம எப்படிங்க சார் எழுதறது?" என்றார்.

புதிய படிகத்திலும் அதே மங்கிய கோடுகள் இருந்தன. அணுக்கள் சம தூரத்தில் நிற்கவில்லை. இரண்டிரண்டாக நெருங்கி, பிறகு சற்று விலகி, மறுபடி நெருங்கி நின்றன. கட்டுரை அப்படித்தான் அச்சாயிற்று. வீட்டில் வைத்து எனக்கு அதைக் காட்டியபோது நூர்ஜஹான் கேட்டார்: "இது எதுக்குங்க ஆகும்?"

"தெரியல. ஆனா பொய்யில்ல" என்றார் ஜமால்.

போன வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். "உக்காருங்கண்ணா" என்று சொல்லி டீ கொடுத்தார் நூர்ஜஹான். குடித்துவிட்டுத் திரும்பினேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பழக்கம். தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்த பிறகும் படத்தைக் கீழே வைக்காமல் இன்னும் சற்று நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது. நேற்று ஒரு படத்தை அப்படிப் பிடித்திருந்தேன். அதில் வேறொன்றும் இல்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டே நின்றேன்.