ஏகமனதை எதிர்த்தவர்

செய்தியைச் சொன்னவர் எங்கள் சங்கத் தலைவர் கந்தையாதான். "தம்பி, சபாரத்தினம் போயிட்டார். இனி என்னை ஆர் எதிர்க்கிறது?" என்று தொலைபேசியில் அழுதார். இருவருக்கும் ஆகவே ஆகாது என்பது லண்டன் அப்டன் பார்க்கில் எல்லாருக்கும் தெரியும்.

எண்பதுகளில் சபாரத்தினம் அண்ணையும் நானும் ஒரே பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் பார்த்தோம். பிரித்தானிய நாடாளுமன்ற விவாதம் வானொலியில் போனால் வாடிக்கையாளர் காத்திருக்கவேண்டியதுதான். எதிர்க்கட்சி எல்லா வாக்கெடுப்பிலும் தோற்றுக்கொண்டிருந்த காலம் அது. "தோக்கிறதுக்கு ஏன் அண்ணை இவ்வளவு கத்தல்?" என்றேன். "வெல்லுறது ஆளுங்கட்சியின்ர வேலை. ஏன் எண்டு கேக்கிறது எங்கட வேலை" என்றார்.

அந்த 'எங்கட'வைச் சங்கத்துக்கும் கொண்டுவந்தார். ஒரு கையாவது எதிர்க்காமல் எந்தத் தீர்மானமும் நிறைவேறக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். கூட்டத்தில் தேநீர் கொடுக்கவேண்டும் என்று அவரே ஒருமுறை பிரேரித்தார். ஒருவரும் எதிர்க்கவில்லை. உடனே எழுந்து தன் பிரேரணையையே விளாசித் தள்ளி, படுதோல்வியடைந்து, இரண்டு கோப்பை குடித்தார்.

அதைப் பார்த்துச் சிரித்த நான்தான் பிறகு அவர் வாசலில் போய் நின்றேன். என்னை நாட்டைவிட்டு அனுப்ப உத்தரவு வந்திருந்தது. எங்கள் பகுதியின் எதிர்க்கட்சி உறுப்பினரிடம் கூட்டிப்போனார். தங்களுக்குப் பெரும்பான்மை இல்லை, அமைச்சர் மசியமாட்டார் என்று அந்த மனிதர் கையை விரித்தார். "வெல்லச் சொல்லேல்லை எண்டு சொல்லு. ஏனெண்டு கேட்டாக் காணும்" என்று என்னை மொழிபெயர்க்க வைத்தார் அண்ணை. உறுப்பினர் அமைச்சரிடம் கேட்டார். அப்போதைய வழக்கப்படி அமைச்சர் பதில் சொல்லும்வரை என்னை விமானத்தில் ஏற்ற முடியவில்லை. பதில் ஆடி அசைந்து வருவதற்குள் வழக்கறிஞர் புதிய மனுவைப் போட்டுவிட்டார். அந்த வருடமும் எதிர்க்கட்சி எல்லாவற்றிலும் தோற்றது. நான் இங்கேயே இருக்கிறேன்.

போன ஞாயிறு இரங்கல் கூட்டத்தில் கந்தையா தீர்மானத்தை வாசித்து, "ஏகமனதாக நிறைவேற்றுவமோ?" என்றார். நான் கையைத் தூக்கினேன்.

"எதிர்க்கிறன். இவருக்கு ஏன் அஞ்சலி செய்யவேணும்? தலைவர் விளக்கட்டும்."

எனக்குப் பின்னால் யாரோ "உனக்கென்ன விசரோ?" என்றார். கந்தையா என்னையே பார்த்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"இந்த மனுசன் கேப்பான் எண்ட பயத்தில, ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் முகம் பாக்கிற கண்ணாடிக்கு முன்னால நிண்டு எனக்கு நானே கேட்டுப் பாத்திருக்கிறன். பதில் வராட்டி அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவாறேல்லை. சங்கம் உடையாமல் இருக்கிறது அதாலதான்."

தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தது நான் ஒருவன்தான். அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கையை. கந்தையா அண்ணை, அந்தக் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிவிடாதீர்கள்.