ஆடிக் கிருத்திகைப் பந்தலும் பழைய குழியும்

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் முட்டி மோத எனக்குத் தெம்பில்லை. நான்கு நாள் முன்பே திருத்தணிக்குக் கிளம்பிவிட்டேன். சென்ட்ரலில் காலை ஆறரைக்கு மின்சார ரயில், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மணவூரில்தான் ஜன்னலோரம் கிடைத்தது.

ஸ்டேஷனிலிருந்து நடந்தே போனேன். மலைப் படிகளுக்குப் போகிற வழியில் நீர்மோர்ப் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். பந்தல்காரர் செல்வம் கடப்பாரையால் குழி தோண்ட, அவர் மனைவியின் தம்பி குமார் மண்ணை அள்ளினார். வெயில் அப்போதே சுள்ளென்று அடித்தது. எனக்கோ வாய் சும்மா இருக்காது.

"சீக்கிரம் போடுங்க, நிழல்ல நின்னுட்டுப் போறேன்" என்றேன்.

"ஆச்சுங்க. எங்க நைனா காலத்துல இருந்து இதே குழிதான். கண்ண மூடிகினு தோண்டுவேன்" என்றார் செல்வம். மண்ணும் இளகலாகத்தான் இருந்தது. பழைய குழிதானே என்று நானும் நம்பினேன்.

முழங்கால் ஆழம் போனதும் மறுபடி கடப்பாரையை ஓங்கினார். குமார் அவர் கையைப் பிடித்துவிட்டார். "பாவா, நில்லு. இன்னா இது, செவப்பா கீது?"

சிவப்பு பிளாஸ்டிக் நாடா. கீழே மின்சார கேபிள் இருக்கிறது என்று எச்சரிக்கப் புதைப்பது. செல்வம் கடப்பாரையை ஓரமாக வைத்துவிட்டு போன் போட்டார். கால் மணி நேரத்தில் லைன்மேன் வந்தார்.

"தை மாசம்தான் இப்படி ஓரமா கேபிள் போட்டாங்க. அதான் மண்ணு பொலபொலன்னு கீது. கரண்ட் ஓடிகினு கீதுப்பா. இன்னும் ரெண்டு குத்து, அவ்ளோதான் நீ."

"தை மாசம் நான் அம்மையார்குப்பத்துல கல்யாணப் பந்தல் வேலையா இருந்தேங்க" என்றார் செல்வம். அவசரப்படுத்தியவன் நான் அல்லவா?

குழியை மூடிவிட்டு, டிரம்களில் மணலை நிரப்பி அதில் கால்களை நட்டார்கள். நானும் நாலு சட்டி மணல் சுமந்தேன். பிறகு மலையேறி, நிம்மதியாக முருகனைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்கு இறங்கினேன்.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் படியேறிவிடுங்கள், தண்ணீர் மறக்காதீர்கள். தெருவில் குழி தோண்டுகிறவர்கள், போன வருஷத்துக் குழியானாலும், மின்வாரியத்திலும் குடிநீர் ஆபீசிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பதறாத காரியம் சிதறாது.

நான் இறங்கி வந்தபோது பந்தல் நிழலில் செல்வமும் குமாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "கண்ண மூடிகினு தோண்டுவியே பாவா" என்று குமார் சீண்டினார். செல்வம் போனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆங், சாப்ட்டுகினு கீறேன். இல்ல, ஒண்ணுமில்ல. சாயந்திரம் வந்துடறேன்."